புதிய நகர்களும் வீதி மரங்களும்

(புதுவை வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது)

"மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான்" என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. படைத்தவன் காப்பான் என்னும் நம்பிக்கையைச் சொல்வதற்காகவே அது பயன்படுகிறது. ஆயினும், வட்டார வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டுள்ள என் போன்றோர்க்கு அப்பழமொழி ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. தோட்டத்தில் வைத்த மரத்துக்குத் தோட்டக்காரர் தண்ணீர் வார்ப்பார். கோயில் நந்தவனத்து மரத்துக்குக் கோயிலைச் சேர்ந்தவர் வார்ப்பர். வீதியில் அரசாங்கம் வைத்த மரத்துக்கு யார் வார்ப்பது?

இக்கேள்வி இன்று புதுவையில் மிகவும் அவசரமானது. நகரைச் சூழ்ந்துள்ள உழவர்கரை, வில்லியனூர், அரியாங்குப்பம் முதலிய பகுதிகளில் நேற்றுவரை நெல்லும் கரும்பும் விளைந்த நிலங்கள் இன்று மனைகளாகி வருகின்றன. எல்லைக் கற்கள் நடப்படுகின்றன, வீதிகள் வெட்டப்படுகின்றன, நுழைவாயிலில் ஏதேனும் ஒரு 'நகர்' என்ற பெயர்ப்பலகை எழுகிறது. சில ஆண்டுகளில் இருபுறமும் வீடுகள் நிரம்பிவிடுகின்றன. வீதி வருகிறது, விளக்கு வருகிறது, குழாய் வருகிறது, வடிகாலும் வருகிறது. எல்லாம் வந்து முடிந்த பிறகு, மரம் வைக்கலாமே என்ற எண்ணம் வருகிறது. அப்போது பார்த்தால் மரத்துக்கு இடம் இல்லை. ஒருபுறம் வடிகால், மறுபுறம் குழாய், மேலே மின்கம்பி, இடையில் சுவரோடு சுவராக ஒட்டிப் போட்ட சிமெண்டுத் தளம்!

மரத்தைக் கடைசியில் சேர்க்கும் அலங்காரமாக எண்ணும்வரை நம் புதிய வீதிகளில் நிழல் இராது. வரைபடத்தில் இடம், நடுவதற்கு ஏற்ற மாதம், காப்பதற்கு ஒரு மனிதர் ஆகிய இம்மூன்றும் முன்கூட்டியே அமைந்தால் மரம் வளரும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நட்ட கன்று கணக்கில் மட்டுமே வாழும். இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

பழைய நகரம் கற்பிக்கும் பாடம்

வீதி அமைப்பைப் பற்றி அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் புதுவை நகரமே ஒரு நல்ல பாடநூல். 1693 முதல் 1699 வரை இந்நகரம் டச்சுக்காரர் வசம் இருந்தபோது, நேர்கோட்டு வீதிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் திட்டம் ஒன்று வரையப்பட்டது. பின்னர் வந்த பிரெஞ்சுக்காரரும் அவ்வமைப்பையே பெரும்பாலும் தழுவினர். 1761 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய பின்னரும், 1765 முதல் அது பழைய வீதிகளின் சுவட்டிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. கிழக்கு மேற்காக ஓடும் வீதிகள் கடலை நோக்கித் திறந்திருப்பதால், பிற்பகலில் வீசும் கடற்காற்று தடையின்றி ஊருக்குள் புகுகிறது.

நகரைச் சுற்றி அகன்ற 'புல்வார்' சாலைகள் நான்கு உள்ளன. கிழக்கே கடற்கரைச் சாலை, வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை என்று இன்று அவை வழங்குகின்றன. அகலமான சாலையில் மர வரிசை. குறுகிய வீதியில் வேறுவகை நிழல் என்ற பாகுபாட்டைப் பழைய நகரில் நாம் தெளிவாகக் காணலாம்.

அந்த வேறுவகை நிழல் எது? பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில், பழைய வீடுகளின் முன்புறம் திண்ணையும், அதற்கு வெளியே வீதியை ஒட்டி மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரமும் அமைந்திருந்தன. வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொடர்ந்தமையால், வழிப்போக்கர் வெயிலிலும் மழையிலும் அதன் கீழேயே நடந்து செல்ல முடிந்தது. மரங்களோ வீட்டுக்குள், முற்றத்திலும் கொல்லையிலும் நின்றன. கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் உயர்ந்த மதில்களுக்கு உள்ளே தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்து கிளைகள் மதிலைத் தாண்டி வீதிக்கு நிழல் தந்தன. வைசியாள் வீதி என்று வழங்கிய கல்வே சுப்பராய செட்டி வீதியில் இத்தகைய பழைய வீட்டு முகப்புகள் புதுப்பிக்கப்பட்டன. அப்பணி 2008 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? முன்னோர் எல்லா வீதியிலும் மரம் வைக்கவில்லை. ஆனால் எந்த வீதியையும் நிழலின்றி விடவில்லை. இன்றைய புதிய நகரில் தாழ்வாரமும் இல்லை, முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. மனை முழுவதும் வீடாகிவிடுகிறது. ஆகவே, முன்பு வீடு தந்த நிழலையும் சேர்த்து வீதி மரமே தரவேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

நிழலின் அவசியம்

புதுவை ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அவ்வேளையில் எவ்வளவு உயர்ந்த மாடியானாலும் அதன் நிழல் வீதியில் விழுவதில்லை. தலைக்கு மேல் விரிந்த ஒரு கவிகையே நிழல் தரவல்லது. மரம் அத்தகைய கவிகை. அன்றியும், தார்ச்சாலையும் சிமெண்டுச் சுவரும் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் வெளியிடுகின்றன. மரத்தின் இலைகளோ நீரை ஆவியாக வெளிவிட்டு, சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கின்றன. நிழல் மிகுந்த வீதிக்கும் நிழலற்ற வீதிக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவரும், தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்டிரும், தள்ளுவண்டிக்காரரும் நன்கு அறிவர். காரில் செல்வோர்க்கு அது அவ்வளவாகத் தெரியாது.

மழைக்காலத்திலும் மரம் நிற்கும் மண்ணுக்கு ஒரு பயன் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று 'பெஞ்சல்' புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்தது. அவ்வளவு பெரிய மழையை எந்த மரமும் தனித்து விழுங்கிவிடாது என்பது உண்மையே. ஆயினும், சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்டு போர்த்திய வீதியில் ஒரு துளிநீரும் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. மரங்களுக்கென விட்ட திறந்த மண்பட்டை சாதாரண மழைகளின் நீரையாவது வீதியிலேயே உறிஞ்சிக்கொள்ளும். குடிநீருக்கு நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருப்பதும், கடற்கரையோரத்தில் உப்புநீர் உட்புகும் ஆபத்தை எதிர்நோக்கியிருப்பதும் ஆகிய நம் பிரதேசத்துக்கு இது சிறிய நன்மையன்று.

ஒரு தோல்வியும் அதன் காரணமும்

வெற்றிகளை மட்டுமே எழுதுவது அதிகாரிகளின் வழக்கம் என்று பொதுமக்கள் சொல்வதுண்டு. ஆதலின், என் சொந்தப் பணியில் நேர்ந்த தோல்வி ஒன்றை இங்கே ஒளிக்காது கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய வட்டாரத்தில் புதிதாக உருவான ஒரு நகரில் ஜூலை மாதத்தில் மரநடு விழா நடத்தினோம். பந்தல் இட்டோம், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றனர், பிரமுகர்கள் கன்று நட்டனர், படம் பிடிக்கப்பட்டது. ஒரு வீதியில் மட்டும் 40 கன்றுகள் நடப்பெற்றன. மறு சித்திரையில் வேறொரு வேலையாக அவ்வீதி வழியே சென்றபோது எண்ணிப் பார்த்தேன். ஐந்து கன்றுகளே உயிரோடிருந்தன. மற்றவற்றின் இடத்தில் மூங்கில் கூடுகளும், சிலவற்றில் அதுவும் இன்றிக் குழிகளும் இருந்தன.

எஞ்சிய ஐந்தும் எப்படிப் பிழைத்தன என்று விசாரித்தேன். இரண்டு கன்றுகள் ஒரு தேநீர்க் கடையின் எதிரில் இருந்தன. பாத்திரம் அலசிய நீர் நாள்தோறும் அவற்றின் அடியில் கொட்டப்பட்டது. இரண்டு கன்றுகள் ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டருகே நின்றன. ஐந்தாவது, ஒரு மூதாட்டியின் வாசலில். அந்த அம்மையாரிடம், "மற்ற வீட்டார் ஏன் தண்ணீர் ஊற்றவில்லை?" என்று கேட்டேன். "தம்பி, குழி தோண்டினவர் யாரும் எங்களைக் கேட்கவில்லை. எந்த மரம் என்றும் சொல்லவில்லை. காலையில் வந்தார்கள், வைத்தார்கள், போனார்கள். சர்க்கார் மரம், சர்க்கார் தண்ணி ஊற்றும் என்று இருந்துவிட்டார்கள். என் வாசலில் வாடியதைப் பார்க்க மனம் வரவில்லை, அதனால் ஊற்றினேன்" என்றார்.

அவர் சொன்னதில் எங்கள் பிழை முழுவதும் அடங்கியிருந்தது. கன்றுக்கும் குழிக்கும் மூங்கில் கூட்டுக்கும் செலவு செய்த நாங்கள், வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்கும் செலவில்லாத வேலையைச் செய்யத் தவறிவிட்டோம்.

எந்த மாதம்?

அத்தோல்விக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது மாதத்தைப் பற்றியது. 1950 ஆம் ஆண்டில், அந்நாளைய மத்திய உணவு, விவசாய அமைச்சர் கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவ விழாவைத் தொடங்கிவைத்தார். அன்று முதல் நாடெங்கும் ஜூலை முதல் வாரத்தில் மரம் நடும் வழக்கம் நிலைத்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் வடநாட்டுக்கும் மேற்குக் கரைக்கும் அம்மாதம் மிகப் பொருத்தம். நம் சோழமண்டலக் கடற்கரைக்கோ பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் இங்கே பெய்யும் மழை கன்றைக் காக்கப் போதுமானதன்று. அப்போது வீசும் வறண்ட மேல்காற்று இளங்கன்றை வாட்டிவிடும்.

ஆகவே, விழாவை ஜூலையில் கொண்டாடுவோர் அம்மாதத்தை ஆயத்தத்துக்குப் பயன்படுத்தலாம். வீதியை அளந்து இடம் குறித்தல், வீட்டாரைக் கண்டு பேசுதல், நாற்றங்காலில் கன்றுகளைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவற்றை அப்போது முடிக்கலாம். புரட்டாசியில் குழி தோண்டி ஆறவிட்டு, ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்தவுடன் கன்றை நடவேண்டும். மழைக்காலம் முழுவதும் வேரூன்றும் அவகாசம் அதற்குக் கிடைக்கும். உழவர் எவரும் மாதம் அறியாது விதைப்பதில்லை. மரம் நடுவதிலும் அதே விவேகம் வேண்டும்.

வீதியின் அகலமும் மரத்தின் இடமும்

இனி, வீதியை எவ்வாறு பகிர்வது என்று பார்ப்போம். கீழ்க்காணும் அளவுகளை நான் சட்டமாகச் சொல்லவில்லை. மனைப்பிரிவு வரைவோரும், கொம்யூன் பஞ்சாயத்துப் பொறியாளரும், குடியிருப்போர் சங்கத்தாரும் தத்தம் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதற்குரிய ஒரு தொடக்கமாகவே தருகிறேன்.

40 அடி வீதியானால், நடுவே வண்டிப்பாதைக்கு 18 அடி. அதன் இருபுறமும் மரத்துக்கான மண்பட்டை 5 அடி. அதற்கப்பால் மூடிய வடிகாலும் நடைபாதையுமாக 6 அடி. இதில் இருபுறமும் பெரிய மரங்களை வைக்கலாம்.

30 அடி வீதியானால், நடுவே 14 அடி. இருபுறமும் மண்பட்டை 4 அடி. வடிகாலின் மேல் பலகைக்கல் பரப்பிய நடைபாதை 4 அடி. நடுத்தர மரங்கள் இதற்குப் போதும்.

20 அடி வீதியில் இருபுறமும் மரம் வைக்க முயன்றால் வீட்டாருக்கும் மரத்துக்கும் ஓயாத சண்டையாக முடியும். வண்டிப்பாதைக்கு 12 அடி, வடிகாலுக்கு இருபுறமும் 2 அடி, ஒரு பக்கம் மட்டும் மண்பட்டை 4 அடி என்று அமைத்து, சிறிய மரங்களை ஒரே வரிசையாக வைப்பதே தக்கது.

மின்கம்பங்கள் எந்தப் பக்கம் வரும் என்பதை முன்பே நிச்சயிக்க வேண்டும். கம்பி செல்லும் பக்கத்தில் சிறிய மரம், மறுபக்கத்தில் பெரிய மரம் என்று பிரித்துவிட்டால், ஆண்டுதோறும் கம்பிக்காகக் கிளையை முறிக்கும் அவலம் இராது. வடக்குத் தெற்காக ஓடும் வீதியில் முடிந்தால் கீழ்ப்புறத்தில் பெரிய மரங்களை வைப்பது நன்று; மேற்கு நோக்கிய வீடுகளைப் பிற்பகல் வெயிலிலிருந்து அவை காக்கும். வீட்டு வாயிலுக்கு நேரே கன்று நடலாகாது. இரண்டு மனைகளின் எல்லைக்கோடு வீதியைத் தொடும் இடத்தில் நட்டால் எவர் வாயிலும் மறையாது. ஒரு மரத்துக்கு இரண்டு வீட்டார் காவலும் கிடைக்கும். சிறிய மரங்களுக்கு இடையே 20 அடியும், பெரியவற்றுக்கு இடையே 30 முதல் 40 அடியும் இடைவெளி தேவை. வீதி முனைகளில் எதிர்வரும் வண்டி தெரியும்படி சுமார் 25 அடி தூரம் மரமின்றி விடவேண்டும். விளக்குக் கம்பம் இரு மரங்களுக்கு நடுவே நின்றால் வெளிச்சமும் மறையாது.

சிங்கப்பூரில் 1967 ஆம் ஆண்டில் பூங்கா நகரத் திட்டம் தொடங்கிய நாள் தொட்டு மரங்கள் பெருகின. அங்கே சாலையை வரையும்போதே மரத்துக்கான மண்பட்டையும் வரையப்படுகிறது. அங்கு சென்றுவரும் நம் உறவினர் அந்நகரின் பசுமையை வியந்து பேசுகின்றனர். அவ்வியப்புக்கு ஆதாரமாயிருப்பது வரைபடத்தில் ஒதுக்கிய அந்தச் சில அடி மண்ணே.

எந்த மரம்?

மரத்தைத் தேர்ந்தெடுக்கையில் மண்ணையும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான இடங்களில் உப்புக்காற்றைத் தாங்கும் புன்னையும் பூவரசும் நன்கு வளரும். பூவரசைப் போத்து வெட்டி நடுவது எளிது. எனினும் விதையிலிருந்து வளர்ந்த கன்றுக்கே ஆணிவேர் அமையும் என்பதால் வீதிக்கு அதுவே நலம். சங்கராபரணி ஆற்றின் வண்டல் படிந்த வில்லியனூர்ப் பக்கத்து நிலங்களில் புங்கமும் மகிழமும் சிறந்தவை. புங்கம் கோடையின் தொடக்கத்தில் இலையுதிர்த்து உடனே புதிய தளிர் விடுவதால், வெயில் கொடிதாகும்போது அதன் நிழல் முழுமையாக இருக்கும். மகிழம் மெதுவாக வளரும். ஆனால் என்றும் பசுமை மாறாதது, கிளை எளிதில் முறியாதது. கோரிமேடு போன்ற செம்மண் மேட்டு நிலங்களுக்கு வேம்பு ஏற்றது.

மின்கம்பிக்குக் கீழே சரக்கொன்றை, மந்தாரை போன்ற சிறு மரங்கள் தகும். சித்திரையில் சரக்கொன்றை பூத்துநிற்கும் வீதிக்கு வேறு தோரணம் வேண்டுவதில்லை. ஆல், அரசு, நாவல் ஆகியவை வீதிக்கு உரியவையல்ல. குளக்கரையிலும் பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் அவற்றை வைத்து மகிழலாம். கிளை எளிதில் முறியும் முருங்கையும் வீட்டுக் கொல்லைக்கே ஏற்றது.

வெளிநாட்டு மரம் எல்லாம் தீயது என்று கூறுவது பொருந்தாது. 1826 ஆம் ஆண்டில் ஏற்பட்ட புதுவைத் தாவரவியல் பூங்காவில், பெரோத்தே என்ற பிரெஞ்சு அறிஞரின் முயற்சியால் பல நாட்டு மரவகைகள் வளர்க்கப்பட்டன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த நாகலிங்கம் இன்று நம் புதுவையின் மாநில மலராகவே விளங்குகிறது. ஆயினும், விரைவில் பசுமை காட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆராயாமல் எதையும் நடலாகாது. அவ்வாறு பல ஊர்களில் மனை விற்போர் விரும்பி நட்ட கொனோகார்பஸ் என்னும் மரத்தைக் குஜராத் அரசு 2023 ஆம் ஆண்டில் தடை செய்தது.

ஒரு நகர் முழுவதும் ஒரே மரத்தை நடுவதும் விரும்பத்தக்கதன்று. அண்மை ஆண்டுகளில் நுனிகருகல் நோய் பல இடங்களில் வேப்பமரங்களைத் தாக்கியதை நாம் கண்டோம். வீதிக்கு ஒரு வகை, நகருக்குப் பல வகை என்று அமைத்தால் அழகும் உண்டு, பாதுகாப்பும் உண்டு.

புயல் அச்சம்

"மரம் வைத்தால் புயலில் வீட்டின் மேல் விழும்" என்று சிலர் தயங்குகின்றனர். இந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அந்தக் காலைப்பொழுதில் வாசற்கதவைத் திறந்தவர் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார். அதன்பின் தம் வீட்டு முன்றிலில் மீண்டும் மரம் வைக்க மறுத்தோர் பலர்.

ஆனால், எந்த மரம், ஏன் விழுந்தது என்று ஆராய்வதே அறிவுடைமை. தூங்குமூஞ்சி, செம்மயிற்கொன்றை முதலியவை கவிகையை அகல விரித்து, வேரை மேலோடு பரப்புபவை. குறுகிய வீதியில் அவை நிற்பதே பொருந்தாது. வடிகால் வெட்டும்போது ஒருபக்கத்து வேர் அறுபட்ட மரம், மின்கம்பிக்காக ஒருபக்கத்துக் கிளை வெட்டப்பட்ட மரம், அடிமரம்வரை சிமெண்டு இறுக்கப்பட்டு வேர் மூச்சுவிட இயலாத மரம் ஆகியவை காற்றுக்கு முன்னரே பாதி விழுந்தவை. பிளாஸ்டிக் பையில் நெடுநாள் கிடந்து வேர் சுருண்டுபோன கன்றை நட்டால், பத்தாண்டு கழித்தும் அது காலூன்றி நிற்காது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர்வரை சிமெண்டு இருத்தலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஆம் ஆண்டில் தில்லிக்கு உத்தரவிட்டது. நம் வீதிகளுக்கும் அது நல்ல விதியே.

ஆகவே, புயலுக்கு அஞ்சி மரத்தை விலக்குவதைவிட, நல்ல மரத்தை நல்ல மண்ணில் வைத்து, ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பே பட்ட கிளைகளையும் மிகுந்த கிளைகளையும் முறைப்படி கழித்துவருவதே தகுந்த பாதுகாப்பு.

நடும் முறை

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் 3 அடி இருத்தல் வேண்டும். மனை நிரப்பக் கொட்டிய கட்டட இடிபாடுகள் குழியில் இருப்பின் அவற்றை நீக்கி, மேல்மண், மக்கிய தொழுவுரம், சிறிது மணல் கலந்து நிரப்ப வேண்டும். கன்று 6 முதல் 8 அடி உயரமும் நேரான தண்டும் உடையதாக இருந்தால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாது தப்பும். பையைக் கிழித்து நீக்கி, சுருண்ட வேர் இருந்தால் பிரித்துவிட்டு நடவேண்டும். கார்த்திகைப் புயற்காற்றைத் தாங்க இருபுறமும் கழி நாட்டி, தண்டு அறுபடாதபடி மெத்தென்ற கயிற்றால் தளர்வாகக் கட்டவேண்டும். தண்டு பருத்தபின் கட்டை அவிழ்க்க மறக்கலாகாது. சுற்றிலும் பாத்தி கட்டிச் சருகு பரப்பினால் ஈரம் காக்கும்.

தைப் பொங்கலுக்குப் பிறகே சோதனை தொடங்குகிறது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு குடம் நீர். இரண்டு கோடைகளுக்கு இது நடந்தால் போதும். மூன்றாவது கோடையிலும் நடந்தால் மிக நன்று. அரிசி, காய்கறி கழுவிய நீரே இதற்குப் போதுமானது. குடிநீரைச் செலவிட வேண்டியதில்லை.

யார் வார்ப்பது?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருவோம். என் தோல்விக்குப் பின், வேறொரு நகரில் வேறு வழியில் முயன்றோம். முதலில் கன்று கொண்டுபோகவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தையே கொண்டுபோனோம். வீடு வீடாகச் சென்று, "உங்கள் எல்லையில் ஒரு மரம் வைக்க இசைவு உண்டா? எந்த மரம் வேண்டும்?" என்று கேட்டோம். வேண்டாம் என்றவர் வாசலில் வைக்கவில்லை. வேண்டும் என்றவர் பெயரையும் மரத்தின் பெயரையும் எழுதிக்கொண்டோம். கன்றுகளின் எண்ணிக்கை முன்னையதைவிடக் குறைவாகவே இருந்தது. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையும் சிறியதாகவே இருந்தது. ஆனால் மறு சித்திரையில் சென்று கண்டபோது பெரும்பாலான கன்றுகள் தளிர்த்திருந்தன. வேண்டாம் என்ற வீட்டார் சிலர், அடுத்த ஐப்பசியில் தாமே வந்து கன்று கேட்டனர்.

எனவே, ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு உண்டு. மனை பிரிப்போர் வரைபடத்திலேயே மண்பட்டையைக் காட்டவேண்டும். மனை வாங்குவோர், குழாயும் விளக்கும் உண்டா என்று கேட்பதுபோல, மரத்துக்கு இடம் உண்டா என்றும் கேட்கவேண்டும். கொம்யூன் பஞ்சாயத்தும் நகராட்சியும் வடிகால் வெட்டுமுன் மரத்தின் இடத்தைக் குறித்துத் தரவேண்டும். சாலை போடும் ஒப்பந்தக்காரர் அடிமரத்தைச் சிமெண்டால் மூடாதிருக்க, ஒப்பந்தத்திலேயே அதனை எழுதவேண்டும். எங்களைப் போன்ற அலுவலர்கள், எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கோடு, இரண்டு கோடை கழித்து எத்தனை நிற்கின்றன என்ற கணக்கையும் எழுதவேண்டும். வீட்டார், வாரம் நான்கு குடம் நீர் தரவேண்டும்.

சாலையோரம் நிழல்மரம் வைத்த அசோகரையும், மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளையும் நாம் பள்ளிப் பாடங்களில் படித்துப் பெருமை கொள்கிறோம். அவர்கள் வழிநடந்து செல்வோருக்காக மரம் வைத்தனர். நாம் வைக்க வேண்டுவது நம் வாசலில், நம் பிள்ளைகள் நடக்கும் வீதியில். ஐப்பசி மழைக்கு முன்பு, உங்கள் வீதியின் அகலத்தை ஒரு கயிற்றால் அளந்து பாருங்கள். எங்கே 4 அடி மண் விடலாம் என்று அண்டை வீட்டாரோடு கலந்து பேசுங்கள். பிறகு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கோ வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கோ வாருங்கள். கன்றுக்கு வழி செய்வது எங்கள் கடமை. தண்ணீர் வார்ப்பதை நாம் சேர்ந்து செய்வோம்.